துபுவா என்று பெயர் வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

கவிதா_திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பிரான்ஸ், பெல்ஜியம் பையர்கள் எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும். இந்த சீசனில் மூன்று வேறு வேறு கம்பெனிகளோடு ஆர்டர் ஓடுகிறது, மூன்றிலும் ஒரு துபுவா இருக்கிறார். லில் நகரத்தில் ஒரு மேடம், பாரிஸில் ஒருத்தர், பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் இன்னொருத்தர். சாம்பிள் அப்ரூவல் ஷீட்டில் குடும்பப் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, சொந்தப் பெயரைச் சின்னதாகப் போடுவது அவர்கள் வழக்கம். அதனால் மூன்று ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் கையெழுத்துப் போட்ட மாதிரியே இருக்கும்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் இதைப் பார்த்துவிட்டு, "கண்ணு, இவங்க மூணு பேரும் பங்காளிக. ஒருத்தருக்குச் சொன்ன ரேட்டு இன்னொருத்தருக்குப் போயிரும், பாத்துக்க" என்கிறார். நம் பக்கம் கூட்டம் என்று இருக்கிறதே, அதே மாதிரி அங்கேயும் ஒரே பெயர் என்றால் ஒரே மூதாதையர் வழி என்று அவர் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கத்தில் அதிகம், ஒரே குடும்பமா இல்லையா, தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க.

காங்கேயம்_சிவா:

அக்கா, ரேட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பிரான்ஸில் அதிகம் பேருக்கு இருக்கும் முதல் பத்து குடும்பப் பெயர்களில் துபுவாவும் ஒன்று. மார்த்தான்தான் முதலிடம், அதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. பெல்ஜியத்திலும் பிரெஞ்சு பேசும் வலோனியா பகுதியில் துபுவா நிறைய உண்டு. மூன்று துபுவா வந்தது நம் ஊரில் மூன்று பழனிசாமி வந்த மாதிரிதான்.

பிரெஞ்சு_வாத்தியார்_கோவை:

சிவா சொன்னது சரி, ஆனால் பழனிசாமி என்பது ஆளின் சொந்தப் பெயர், துபுவா குடும்பப் பெயர். அதனால் மாஸ்டர் கேட்டதற்கு இது பதில் ஆகாது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன், இந்தக் குடும்பப் பெயர் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

துபுவா என்றால் காட்டைச் சேர்ந்தவர், காட்டோரத்தில் குடியிருப்பவர் என்று அர்த்தம். முதல் பத்துப் பெயர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: மார்த்தான், பெர்னார், தொமா, ரொபேர், ரிஷார், லொரான். இவை எல்லாம் ஞானஸ்நானப் பெயர்கள், யாரோ ஒரு முன்னோரின் சொந்தப் பெயர் அப்படியே குடும்பத்துக்கு நின்றுவிட்டது. பெத்தி என்பது குள்ளமானவர் அல்லது இளையவர். மொரோ என்பது கறுத்தவர். குடியிருந்த இடத்தை வைத்து வந்த பெயராக அந்தப் பத்தில் நிற்பது துபுவா மட்டும்தான்.

இது எப்படி வந்தது என்றால், ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அங்கே சாதாரண ஜனங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான். பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜனத்தொகை கூடியது, காட்டை வெட்டி வெட்டிப் புது ஊர்களை உண்டாக்கினார்கள். ஆனால் வைக்கிற பெயரோ திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான். ஒரே ஊரில் ஏழெட்டு ழான், நாலைந்து கியோம், ஆறு பியேர். வரி எழுதுகிறவனுக்கும் நிலக்கிழாரின் கணக்குப்பிள்ளைக்கும் எந்த ழான் என்று தெரிய வேண்டும். அதனால் பாலத்துக்குப் பக்கத்து ழான், கிணற்றடி ழான், காட்டோரத்து ழான் என்று அடையாளம் சேர்த்து எழுதினார்கள். பாலத்துக்காரர் துபோன், கிணற்றடிக்காரர் துப்புய், பள்ளத்தாக்குக்காரர் துவால், மலைக்காரர் துமோன், ஆலைக்காரர் துமுலான், ஊர்ப்பொது ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவர் துஃபூர், புல்வெளிக்காரர் துப்ரே. இப்படி ஒரு பெரிய வரிசையே இருக்கிறது.

இப்போது மாஸ்டர் கேள்விக்கு வருகிறேன். அவர் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஓதாளன் கூட்டம், தூரன் கூட்டம், காடை கூட்டம் என்று சொல்லும்போது நாம் ஒரு பொது மூதாதையரை, ஒரு குலதெய்வக் கோயிலை நினைக்கிறோம், அதற்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. துபுவா அந்த வகை இல்லை. நம் பக்கத்தில் அதற்குச் சரியான ஜோடி தோட்டத்துப் பெயர். அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தை இட்டேரித் தோட்டத்துக்காரர் என்பார்கள். வீட்டு வாசல் வேப்பமரத்தில் அடித்திருக்கும் தகரப் பலகையிலும் அதுதான் எழுதியிருக்கும், கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். இருபுறமும் கிளுவை வேலி போட்ட அந்த இட்டேரி போய்த் தார்ரோடாகி எவ்வளவோ காலம் ஆயிற்று, பெயர் போகவில்லை. அடுத்த ஊரிலும் ஓர் இட்டேரித் தோட்டம் உண்டு, பெருந்துறைப் பக்கம் இன்னொன்று உண்டு. இவர்களுக்குள் எந்தச் சொந்தமும் கிடையாது, ஒவ்வோர் ஊரிலும் ஓர் இட்டேரி இருந்தது, அவ்வளவுதான். பிரான்ஸில் காடு இல்லாத ஊர் எது? ஆயிரக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக ஆயிரக்கணக்கான துபுவா முளைத்தார்கள். பெயர் ஒன்று, வேர் வேறு வேறு.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் தோட்டத்துப் பெயர் வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டது, பாஸ்போர்ட்டில் ஏறவில்லை. அங்கே அது ஏட்டில் ஏறி இறுகிவிட்டது. 1539ல் முதலாம் பிரான்சுவா அரசர் வில்லே-கோத்தரே என்ற இடத்தில் போட்ட கட்டளைதான் திருப்பம். ஞானஸ்நானங்களைப் பங்குச் சாமியார்கள் ஏட்டில் பதிய வேண்டும் என்று அதில் இருந்தது. 1579ல் கல்யாணமும் சாவும் சேர்ந்தன. 1792ல், புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, கோயில் கையிலிருந்த பதிவு ஊராட்சிக்குப் போனது. 1794ல் பிறப்புப் பதிவில் இருக்கும் பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அதன் பிறகு காட்டோரத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய் மூன்றாம் மாடியில் குடியிருந்தாலும் துபுவா துபுவாதான்.

அதற்கு முந்தைய ஏடுகளைப் பார்த்தால் எழுத்துக்கூட்டலே நிலையாக இருக்காது. ஆவணக் காப்பகங்கள் பழைய பங்கு ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கின்றன. வடபகுதி ஏடு ஒன்றை நான் உட்கார்ந்து பார்த்தேன். மை ஊறிப் பின்பக்க எழுத்தெல்லாம் முன்னால் தெரியும் பக்கங்கள் அவை. ஒரே ஆளைப் பிள்ளை பிறந்தபோது ஒரு விதமாகவும், அவர் செத்தபோது வேறு விதமாகவும் எழுதியிருந்தார்கள். நடுவில் இடம் விட்டு ஓரிடத்தில், சேர்த்து இன்னோரிடத்தில். இடம் விட்டு எழுதினால் பிரபு வம்சம் என்று சிலர் சொல்வதுண்டு, அதில் உண்மை இல்லை. எழுதிய சாமியார் எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதினார். கியோம் துபுவா என்று ஒருவர் 1722ல் பிரான்ஸின் முதல் மந்திரியே ஆனார், கர்தினாலாகவும் இருந்தார், ஆனால் பிறந்தது பிரீவ் ஊரில் சாதாரணக் குடும்பத்தில்தான்.

எந்தப் பக்கத்தில் அதிகம் என்றும் கேட்டிருந்தீர்கள். வடக்குதான். லில் இருக்கும் நோர் மாவட்டம், அதை ஒட்டிய பா-து-கலே, பிக்கார்தி, அங்கிருந்து எல்லை தாண்டி பெல்ஜியம். உங்கள் லில் மேடமும் லியேஜ்காரரும் அந்தப் பெயரின் சொந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். நார்மண்டிப் பக்கம் போனால் துபோ, துபோக் என்று மாறும். தெற்கே ஒக்சித்தான் பேச்சு இருந்த பகுதியில் தெல்போஸ்க், தெல்போஸ் என்று இருக்கும், அர்த்தம் அதே காடுதான். கொல்லரின் பெயரும் இப்படித்தான் போகும்: வடக்கே லெஃபேவ்ர், தெற்கே ஃபோர், ஃபாப்ர், பிரான்ஸின் மேற்குக் கோடியான பிரித்தானிப் பகுதியில் லெ கோஃப். பெயரைச் சொன்னால் ஆள் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். பாரிஸை மட்டும் இதில் சேர்க்க முடியாது, அது எல்லா ஜில்லாக்காரரும் வந்து சேரும் ஊர்.

கவிதா_திருப்பூர்:

ரொம்ப நன்றிங்க சார். இட்டேரி என்றதும் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் அப்பிச்சி வீட்டையும் பள்ளத்துத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன், அவர் உடனே அடுத்த கேள்வி கேட்டார்: அப்படியென்றால் ஒரு துபுவா இன்னொரு துபுவாவைக் கல்யாணம் செய்யலாமா? அங்கே யாரும் தடுக்க மாட்டார்களா?

பிரெஞ்சு_வாத்தியார்_கோவை:

செய்யலாம்மா. அங்கே சட்டம் பார்ப்பது உறவைத்தான், பெயரைப் பார்ப்பதில்லை. நேர் வம்சாவளியில் கூடாது, கூடப்பிறந்தவர்களுக்குள் கூடாது, சித்தப்பா-அண்ணன் மகள் மாதிரியான உறவில் கூடாது. தாய்மாமனும் இதில் அடக்கம், அது நம் பக்கத்து ஆட்களுக்குக் கேட்கவே விசித்திரமாக இருக்கும். ஆனால் பெரியப்பா மகளைக் கட்டத் தடை இல்லை, அது நமக்கு அதைவிட விசித்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் வேலைக்கு இது உதவும். லில் மேடம் பிறப்பால் துபுவாவா, கணவர் வழியில் துபுவாவா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பிரெஞ்சுச் சட்டப்படி பெண்ணின் பிறப்புப் பெயர் கல்யாணத்தால் மாறாது, சாகும் வரை அதுதான் அவர் பெயர். கணவர் பெயரைப் புழக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், அது அவர் இஷ்டம். ஆகவே திடீரென்று ஒருநாள் மின்னஞ்சலில் அவர் பெயர் மாறி வந்தால் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கருமத்தம்பட்டிக்காரன்:

நல்ல இழை. நம் கொங்கு நாட்டுக்கும் இந்தப் பிரெஞ்சுப் பெயர்களுக்கும் பழைய பழக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் முதல் ஆயர் மாரியோன் பிரெசிலாக். தெற்கே காஸ்தெல்நோதரி ஊர்க்காரர், 1813ல் பிறந்தவர். அவருக்கு ஆயர் பட்டம் கொடுத்தது 1846 அக்டோபரில் எங்கள் கருமத்தம்பட்டியில்தான். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியின் பெரிய கிறிஸ்தவ ஊர் இதுதான், கோவை டவுன் அப்புறம்தான். உள்ளூர் ஆட்களையே குருக்களாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். இங்கிருந்து விலகிப் போய் 1856ல் லியோனில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859ல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுனில் இறங்கிச் சில வாரங்களிலேயே காய்ச்சலில் போய்விட்டார். நாற்பத்தாறு வயசுகூட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இவரைப் பற்றிச் சொல்லித் தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் வருத்தம் உண்டு.

வாத்தியார் சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால், பிரெசிலாக் என்ற பெயரின் அந்தக் கடைசி ஆக்கே தெற்கத்தி ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்கிறேன். கோஞாக், பெர்ஜராக் எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள்தானே?

துபுவா என்ற பெயரில் நம்மவர்களுக்குத் தெரிந்த ஆளும் ஒருவர் இருக்கிறார், பாதிரியார் ழான்-அந்துவான் துபுவா. 1792ல் புதுச்சேரிக்கு வந்து, திப்பு சுல்தான் விழுந்த பிறகு மைசூர்ப் பக்கம் போய், நம் ஆட்களைப் போலவே உடுத்திச் சாப்பிட்டு முப்பது வருஷம் இருந்தார். அம்மைக்குத் தடுப்பு ஊசி போடும் வேலையும் செய்தார். இந்துக்களின் பழக்கவழக்கம் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 2000 வராகன் கொடுத்து வாங்கினார்கள். அதில் பெரும்பங்கு அவருக்கு முந்தைய கூர்து பாதிரியாரின் எழுத்திலிருந்து வந்தது என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள், அதையும் சொல்வதுதான் நியாயம். இவர் வடக்கத்தி துபுவா இல்லை, ஆர்தேஷ் மாவட்டத்துக்காரர்.

பிரெஞ்சு_வாத்தியார்_கோவை:

ஆமாம், ஆக் என்று முடிவது பழைய ரோமர் காலத்துப் பண்ணை ஊர்ப்பெயர். தெற்கிலும் தென்மேற்கிலும் அப்படியே நின்றது, வடக்கே அதே விகுதி தேய்ந்து இ என்று ஆகிவிட்டது. ஆர்தேஷ் துபுவாவை எடுத்துக் கொடுத்ததும் நல்லதாயிற்று. நான் வடக்கில் அதிகம் என்றேன், வடக்கில் மட்டும்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுச்சேரி மிஷன் அச்சகத்தை நடத்தி, தமிழ்-பிரெஞ்சு அகராதி தயாரித்தவர்களில் ஒருவரான துப்புய் சாமியாரின் பெயரும் நான் மேலே சொன்ன கிணற்றடிக்காரர்தான்.

கடல் தாண்டிப் போன துபுவாக்களும் உண்டு. லில் பக்கத்திலிருந்து லூயி துபுவா என்ற புராட்டஸ்டண்ட், மதத் தொல்லை தாங்காமல் ஜெர்மனி போய், அங்கிருந்து அமெரிக்கா போனார். 1678ல் நியூயார்க் பக்கம் நியூ பால்ட்ஸ் என்ற ஊரை உண்டாக்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஜாவாவில் 1891ல் ஆதிமனித எலும்பைக் கண்டெடுத்த யூஜின் துபுவா டச்சுக்காரர், பெல்ஜிய எல்லையை ஒட்டிய லிம்பர்க்கில் பிறந்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாழ்நாள் எல்லாம் போராடிய டபிள்யூ. ஈ. பி. துபாய்ஸுக்கு அந்தப் பெயர் வந்த வழியே வேறு. அவருடைய தாத்தா, பஹாமாஸ் தீவில் பிரெஞ்சு வம்சாவளி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். ஒரே பெயருக்குள் அடைக்கலம் தேடி ஓடியவனும் இருக்கிறான், அடிமை வைத்திருந்தவனும் இருக்கிறான், அடிமையின் கொள்ளுப்பேரனும் இருக்கிறான். பெயரை மட்டும் பார்த்து வம்சம் சொல்லக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்துவது இதனால்தான்.

கோபி_பொண்ணு_புதுவையில்:

நான் கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டுக்காரர் பக்கம் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்தான், ஆனால் பிரெஞ்சு ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது, சுத்தத் தமிழ்க் குடும்பம். கல்யாணம் பேசும்போது எங்கள் அம்மாவுக்கு இதை விளங்க வைக்கவே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. சாதி வழக்கம், இந்து அல்லது முஸ்லிம் தனிச்சட்டம் இதையெல்லாம் விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம், வரும்போது ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி வந்தவர்களை ரெனோன்சான் என்பார்கள். முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873ல் செருப்புப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்ததற்காக வழக்கில் மாட்டிய வக்கீல் அவர்தான். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த், அதாவது கதவு. சாதியில் கீழே வைக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் இந்த வழியில் வந்தார்கள், அவர்களுக்கு அது வெறும் பெயர் மாற்றம் இல்லை. அதனால் திருப்பூருக்குப் பிரான்ஸிலிருந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு ஒருத்தர் வந்து இறங்கி உங்களோடு தமிழில் பேசினால் ஆச்சரியப்பட வேண்டாம், கவிதா.

சென்னிமலை_அப்பா:

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்விங்க. என் மகனும் மருமகளும் துலூஸில் இருக்கிறார்கள், அடுத்த மாதம் பிரசவம். மகன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, மருமகள் பாஸ்போர்ட்டில் சம்பந்தி பெயர். இப்போது பிறக்கிற குழந்தைக்கு எது குடும்பப் பெயராக வரும்? நம் வழக்கப்படி என் மகனுடைய பெயர்தானே இனிஷியலாக வர வேண்டும்?

பிரெஞ்சு_வாத்தியார்_கோவை:

வாழ்த்துகள் ஐயா. இது நம் பிள்ளைகள் பலர் அங்கே போய் முழிக்கும் இடம். இனிஷியல் என்ற வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். பெற்றோர் எதுவும் சொல்லாவிட்டால் பொதுவாக அப்பாவின் குடும்பப் பெயர் குழந்தைக்குப் போகும், அதாவது உங்கள் பெயர் பேரக்குழந்தைக்குப் போகும். 2005லிருந்து பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம்: அப்பாவுடையது, அம்மாவுடையது, அல்லது இரண்டும் சேர்த்து. அதற்கு இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று பதிவின்போது கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்கள் என்பதால் இந்தியச் சட்டப்படி நடப்பதற்குக் காகிதம் கேட்கவும் கூடும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே உங்கள் மகன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் நேரில் கேட்டுவிடட்டும். பிறந்து ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும், அந்த அவசரத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

அப்புறம் இதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர்கள் சட்டத்தில் முதல் குழந்தைக்கு எந்தக் குடும்பப் பெயரோ, அதே பெற்றோருக்குப் பின்னால் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அதேதான். அதனால் இப்போதே இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், சம்பந்தியையும் கேட்டுவிடுங்கள்.